பிரதியின் பிரதி: தந்தி, தொலைபேசி, ஒரு கசெற்

போன வருசம் எங்கட வட்டத்தில் ஒருத்தியின் வீட்டு அலுமாரியிலிருந்து பதினொரு கசெற்றுகள் வந்தன. எல்லாம் அவளுடைய அம்மம்மாவின் குரல். 90களில் வெளிநாட்டில் இருந்த மாமாவுக்குக் கடிதம் எழுதுவதற்குப் பதிலாக அம்மம்மா கசெற்றில் கதைத்து அனுப்புவாராம். எங்கட ஊர் வீடுகளில் இது புதினமான விசயமில்லை. அனுப்ப முதல் ஒரு பிரதி அடித்து வீட்டில் வைத்துக்கொள்வார்கள். அதிலிருந்து சித்திக்கு ஒரு பிரதி, அதிலிருந்து இன்னொருவருக்கு இன்னொன்று. எங்கட கைக்கு வந்தது மூன்றாவது பிரதியோ நாலாவதோ தெரியாது. 'உஸ்' என்ற இரைச்சல் அம்மம்மாவின் குரலுக்குச் சரிசமமாக இருந்தது.

இதையெல்லாம் கணினிக்குள் ஏற்றிக்கொண்டிருந்தபோது ஒரு தம்பி சொன்னான்: "அனலொக் எண்டா பழசு, டிஜிற்றல் எண்டா புதுசு. அவ்வளவுதானே?" அன்றிரவு கதை முழுக்க அதில்தான் போனது. பிறகு ஆளுக்கொரு பக்கமாகத் தேடி வாசித்தோம். முதலில் பிடிபட்டது இதுதான்: வரலாறு அவன் சொன்னதற்கு நேர்மாறு. மனிதர் மின்சாரத்தில் அனுப்பிய முதல் செய்திகள் டிஜிற்றல். அனலொக் பிறகுதான் வந்தது.

இரண்டு சொல்லையும் முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். நீங்கள் கதைக்கும்போது காற்றின் அழுத்தம் ஏறி இறங்குகிறது. அந்த ஏற்ற இறக்கத்தைப் போலவே கம்பியில் மின்னோட்டத்தையும் ஏற்றி இறக்கினால் அது அனலொக். ஒன்றின் வடிவம் மற்றொன்றில் அப்படியே படிகிறது. டிஜிற்றலில் வடிவம் போவதில்லை. அனுப்புபவரும் பெறுபவரும் முன்கூட்டியே ஒரு சிறிய பட்டியலில் உடன்பட்டிருக்கிறார்கள்: குற்று, கோடு, அல்லது 0, 1. பெறுபவர் செய்யவேண்டியது ஒரு வேலைதான். வந்தது பட்டியலில் எது என்று தீர்மானிப்பது. வந்த குற்று கொஞ்சம் நசிந்திருந்தாலும் குற்று குற்றுத்தான்.

1844 மே 24ஆம் திகதி வாஷிங்டனுக்கும் பால்ரிமோருக்கும் இடையில் சாமுவேல் மோர்ஸ் அனுப்பிய தந்தி இந்த வகை. தந்தியில் எங்களை அதிகம் கவர்ந்தது மோர்ஸின் குறியீடு இல்லை, ரிலே என்ற சின்னச் சாமான். தூரத்திலிருந்து களைத்துப்போய் வரும் மின்னோட்டத்துக்கு ஒரு வேலைதான்: ஒரு சிறிய மின்காந்தத்தை இயக்கி, ஒரு இரும்புத் துண்டை இழுப்பது. அந்த இரும்புத் துண்டு அடுத்த கம்பியின் இணைப்பை மூடும். அங்கே புது பற்றரி, புது மின்னோட்டம். பழைய குற்று அங்கேயே செத்துப்போகும். அதன் இடத்தில் பிறந்தது புதிய, முழு பலமுள்ள குற்று. இதை மறக்கவேண்டாம், கட்டுரையில் திரும்ப வரும்.

1858இல் கொழும்புக்கும் காலிக்கும் இடையில் இலங்கையின் முதல் தந்திக் கம்பி வந்தது. அதே 1858இல் அட்லாண்டிக் கடலின் அடியில் முதலாவது கேபிளும் போடப்பட்டது. இந்த இரண்டாவது கதை கொஞ்சம் விரிவாகப் பார்க்கவேண்டியது. டிஜிற்றலைப் பற்றி இன்றும் பலர் நினைக்கிற பிழையான எண்ணம் ஒன்றுக்கு அது நல்ல மருந்து.

அயர்லாந்துக்கும் நியூபவுண்ட்லாந்துக்கும் இடையில், ஏறத்தாழ 3,200 கிலோமீற்றர். செப்புக் கம்பியைச் சுற்றி கட்டாபெர்ச்சா என்ற மரப்பால் உறை. அது தென்கிழக்காசியக் காடுகளிலிருந்து வந்தது. கடலடியில் இடையில் ரிலே வைக்க அந்தக் காலத்தில் வழியில்லை. ஆகவே 3,200 கிலோமீற்றரையும் ஒரே மூச்சில் கடக்கவேண்டும். கேபிள் ஓகஸ்ட் 5ஆம் திகதி கரைசேர்ந்தது. 16ஆம் திகதி விக்டோரியா மகாராணி அமெரிக்க ஜனாதிபதிக்கு வாழ்த்து அனுப்பினார். நூறு சொல்லும் இல்லாத அந்த வாழ்த்து போய்ச்சேர ஏறத்தாழ 16 மணித்தியாலம் எடுத்தது.

ஏன் இவ்வளவு நேரம்? அனுப்பியது குற்றும் கோடும்தானே, பட்டியலில் இரண்டே சாமான். ஆனால் கம்பிக்குப் பட்டியல் தெரியாது. நீளமான கடலடிக் கேபிள் ஒரு பெரிய தண்ணீர்த் தொட்டி மாதிரி. இந்தப் பக்கம் ஒரு வாளி ஊற்றினால் அந்தப் பக்கம் அது மெல்லமாய்ப் பரவி, நேரமெடுத்து, வடிந்துதான் வரும். ஒரு குற்று வடிந்து முடியமுன் அடுத்ததை அனுப்பினால் இரண்டும் கலந்து கூழாகிவிடும். வில்லியம் தொம்சன் இதைக் கணக்காகவே காட்டியிருந்தார்: கேபிளின் நீளம் இரண்டு மடங்கானால் தாமதம் நான்கு மடங்கு. பின்னாளில் கெல்வின் பிரபு எனப்பட்டவர் இவர்தான். கம்பனியின் மின்பொறியாளர் வைல்ட்மன் வைற்ஹவுஸ் அதை ஏற்கவில்லை. அவர் அடிப்படையில் ஒரு வைத்தியர். மின்சாரம் அவர் சொந்த முயற்சியில் கற்றது. குரல் கேட்காவிட்டால் இன்னும் பலமாகக் கத்தவேண்டும் என்பது அவருடைய வைத்தியம். ஏறத்தாழ 2,000 வோல்ற் அழுத்தத்தை கேபிளுக்குள் ஏற்றினார். ஏற்கெனவே பழுதடைந்திருந்த உறை தாங்கவில்லை. சில வாரங்களில் கேபிள் செத்துப்போனது.

தொம்சன் எதிர்ப்பக்கமாக யோசித்தார். பலமாகக் கத்தத் தேவையில்லை, கூர்மையாகக் கேட்டால் போதும். ஒரு சின்னக் கண்ணாடியை நூலில் தொங்கவிட்டு, அதில் ஒரு விளக்கின் ஒளியைப் படவைத்தார். மிக மெல்லிய மின்னோட்டத்துக்கும் கண்ணாடி திரும்பும். ஒளிப்பொட்டு சுவரில் இடமோ வலமோ நகரும். இருட்டறையில் ஒருவர் இருந்து அந்தப் பொட்டைப் பார்த்துப் பார்த்து இது குற்று, இது கோடு என்று சொல்லுவார். 1866இல் கிறேற் ஈஸ்ரேர்ண் கப்பல் போட்ட கேபிள் நின்று பிடித்ததற்கு நல்ல கம்பியும் இந்தக் கண்ணாடியும் காரணம்.

நாங்கள் இந்தக் கதையில் இவ்வளவு நேரம் நிற்பதற்குக் காரணம் இருக்கிறது. டிஜிற்றல் என்று ஒரு சாமான் கம்பிக்குள் ஓடுவதில்லை. கம்பிக்குள்ளும் கடலுக்குள்ளும் காற்றிலும் ஓடுவது எப்போதும் வழுவழுப்பான, மங்குகிற, நசிகிற, இரைச்சல் சேர்கிற ஒன்றுதான். டிஜிற்றல் என்பது பெறும் பக்கத்தில் எடுக்கிற ஒரு தீர்மானம். அந்த இருட்டறையில் இருந்த ஆள்தான் டிஜிற்றல்.

1876இல் அலெக்சாண்டர் கிரஹாம் பெல்லுக்குத் தொலைபேசிக் காப்புரிமை கிடைத்தது. தந்திக்கு முப்பத்திரண்டு வருடம் பிந்தி வந்த 'புதுசு' அனலொக். சந்தோசத்துக்குக் குறைவில்லை: குறியீடு படிக்கத் தேவையில்லை, குழந்தையும் கதைக்கலாம், அழுகை அழுகையாகவே போகும். எங்கட ஊரில் தந்தி வந்தது எண்டாலே பிரிக்க முதல் ஒப்பாரி தொடங்கிவிடுமாம். ஏனெண்டால் நாலு சொல்லுக்குக் காசு கட்டி அனுப்புகிற அளவுக்கு அவசரம் சாவுதான். தொலைபேசி அந்த நாலு சொல்லை உடைத்து மூச்சையும் தயக்கத்தையும் உள்ளே விட்டது.

ஆனால் அதோடு ரிலே போய்விட்டது. குரலை ரிலேயால் புதுப்பிக்க முடியாது. திற, மூடு என்ற இரண்டு நிலைதான் அதற்குத் தெரியும். குரலுக்கோ எண்ணற்ற நிலைகள். மங்கிய குரலைத் திரும்பப் பெரிதாக்க ஒரு பெருக்கி தேவைப்பட்டது. லீ டி பொறெஸ்ற் 1906இல் செய்த வால்வு அதற்கு வழி காட்டியது. 1915 ஜனவரி 25ஆம் திகதி நியூயோர்க்கிலிருந்து பெல் சான் பிரான்சிஸ்கோவில் இருந்த தன் பழைய உதவியாளர் வட்சனுடன் கதைத்தார். முதல் தொலைபேசியில் சொன்ன மாதிரியே 'இங்கே வா' என்று பெல் கூப்பிட, வந்துசேர இப்ப ஒரு கிழமை ஆகும் என்று வட்சன் பகிடியாகப் பதில் சொன்னாராம்.

பெருக்கி நல்ல வேலைக்காரன், ஆனால் கண் தெரியாதவன். குரலைப் பெருக்கும்போது கூடவந்த இரைச்சலையும் பெருக்கும். தன் பங்குக்குக் கொஞ்சம் இரைச்சலும் சேர்க்கும். அடுத்த பெருக்கிக்கு இந்த மொத்தமும் 'குரல்' என்றே போய்ச்சேரும். ஒரே மாதிரியான ஐம்பது பெருக்கிகள் வரிசையாக இருந்தால் கடைசியில் இரைச்சலின் வலு ஐம்பது மடங்கு. இரைச்சலைக் கழுவி எடுக்க வழியில்லை. ஏனென்றால் எது குரல் எது இரைச்சல் என்று சொல்ல யாரிடமும் பட்டியல் இல்லை. அம்மம்மாவின் கசெற்றுக்கு நடந்ததும் இதுதான். முதல் பிரதியின் உஸ் இரண்டாம் பிரதியில் பதிவாகி, அதன்மேல் இரண்டாம் ரேப்பின் உஸ் ஏறி, பிறகு மூன்றாவது.

எழுபது எண்பது வருடமாக உலகத்தின் கெட்டிக்காரப் பொறியியலாளர்கள் இந்த உஸ்ஸோடுதான் மல்லுக்கட்டினார்கள். பெல் ஆய்வுகூடத்தின் ஹரோல்ட் பிளக் 1927இல் ஒரு நாள் காலை வேலைக்குப் போகும் படகில் வைத்து, கையிலிருந்த பத்திரிகையின் பக்கத்திலேயே எதிர்ப் பின்னூட்டல் பெருக்கியை வரைந்தார். பெருக்கியின் வெளியீட்டில் கொஞ்சத்தை எடுத்துத் திருப்பி அதன் வாயிலேயே கழித்தால் கோணல் குறையும் என்பது யோசனை. 1956இல் ஸ்கொட்லாந்துக்கும் நியூபவுண்ட்லாந்துக்கும் இடையில் போட்ட ரிஏரி-1 கேபிள் இந்தப் பரம்பரையின் உச்சம். கடலடியில் வால்வுப் பெருக்கிகள், வருடக்கணக்காகப் பழுதாகாமல். தொடக்கத்தில் ஒரே நேரத்தில் 36 பேர் கதைக்கலாம்.

இடையில் ஒரு விலகல். எங்கட ஆள் ஒருவர் இதே பிரச்சினையை இன்னொரு வடிவத்தில் தலையில் சுமந்திருக்கிறார்: சிறுப்பிட்டி சி.வை. தாமோதரம்பிள்ளை. வீரசோழியத்தை 1881இலும் கலித்தொகையை 1887இலும் அச்சேற்றியவர். தொட்டால் ஓரம் உதிரும் ஏடுகளைப் பற்றி அவர் தன் பதிப்புரையில் புலம்பியிருக்கிறார். ஓலை நூறு இருநூறு வருடத்துக்குமேல் நிற்பது அரிது. அப்படியென்றால் சங்கப் பாடல் எப்படி இரண்டாயிரம் வருடம் வந்தது? பிரதியின் பிரதியின் பிரதியாகத்தான். கசெற் மூன்றாம் பிரதியிலேயே மூச்சு வாங்குகிறது. ஏடு எத்தனையோ பிரதி தாண்டியும் வாசிக்கக்கூடியதாக இருக்கிறது.

காரணம், ஏடெழுதுபவர் ஓலையின் படத்தை வரையவில்லை. மங்கிப்போன ஒரு 'க'வைப் பார்க்கிறார், இது 'க' என்று தீர்மானிக்கிறார், புது ஓலையில் தன் கையால் புதிய, முழு 'க' ஒன்றைக் கீறுகிறார். பழைய ஓலையின் கறையும் பூச்சி அரித்த ஓட்டையும் அங்கேயே நின்றுவிடுகின்றன. தந்தி ரிலே செய்த வேலை இதுதான். தமிழ் எழுத்து ஒரு முடிவான பட்டியல், ஆகவே புதுப்பிக்கலாம்.

பிழை வராதா? வரும், ஆனால் வேறு விதமாக வரும். ஓலையில் பெரும்பாலும் புள்ளி குத்தமாட்டார்கள். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வேறுபாடு இல்லை. காலும் ரகரமும் ஒரே வடிவம். எழுதுபவர் பிழையாகத் தீர்மானித்தால் அந்தப் பிழை மங்கலாக வராது. பளிச்சென்று, நல்ல எழுத்தில், சரியானது மாதிரியே உட்கார்ந்திருக்கும். பாடபேதம் என்பது இதுதான். அதைப் பிடிக்கப் பதிப்பாசிரியருக்கு ஒரு ஆயுதம் இருந்தது: யாப்பு. தளை தட்டினால், எதுகை பிசகினால், இங்கே ஏதோ எழுத்துப் பிழைத்திருக்கிறது என்று சந்தேகிக்கலாம். செய்யுளில் கருத்துக்குத் தேவையானதைவிடக் கூடுதலான ஒரு கட்டுப்பாடு இருப்பதால், பிழை தன்னைக் காட்டிக்கொடுக்கிறது. 1950இல் றிச்சர்ட் ஹமிங் பிழைதிருத்தும் குறியீடுகள் பற்றிய கட்டுரையை வெளியிட்டபோது செய்ததும், செய்திக்குள் கூடுதல் இலக்கங்களை ஒரு ஒழுங்கில் கலந்து, அந்த ஒழுங்கு எங்கே உடைகிறதோ அங்கே பிழை என்று கண்டுபிடிப்பது. ஹமிங்குக்கு வெண்பா தெரிந்திருக்காது. தமிழர் எல்லாவற்றையும் முதலே கண்டுபிடித்தார்கள் என்று பாட்டுப்பாட நாங்கள் வரவில்லை. யாப்பு ஓசைக்காகப் பிறந்தது. பிழை பிடிக்க உதவியது அதன் பக்கவிளைவு.

சரி, குரலுக்கு வருவோம். குரலுக்கு எழுத்துப் பட்டியல் இல்லையே, அதை எப்படி ஏடெழுதுவது? 1937இல் பாரிசில் வேலைசெய்த ஆங்கிலேயப் பொறியியலாளர் அலெக் றீவ்ஸ் அதற்கு ஒரு பட்டியல் செய்யலாம் என்று யோசித்தார். குரலின் உயரத்தை நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை அளக்கவேண்டும். ஒவ்வொரு அளவையும் கிட்டவுள்ள ஒரு படிக்குத் தள்ளவேண்டும். அந்தப் படியின் இலக்கத்தை மட்டும் இருக்கு, இல்லை என்ற துடிப்புகளாக அனுப்பவேண்டும். வழியில் எத்தனை ஆயிரம் கிலோமீற்றர் இருந்தாலும் இடையிலுள்ள பெட்டி துடிப்பு இருக்கா இல்லையா என்று மட்டும் பார்த்து, புதிதாக ஒன்று அனுப்பும். தொலைபேசிக்குள் ரிலே திரும்ப வந்துவிட்டது. 1938இல் பிரான்சில் காப்புரிமை எடுத்தார். ஒருவரும் செய்யவில்லை. செய்யவும் முடியாது, அவ்வளவு வேகமாகத் திறந்து மூட வால்வுகள் குவியல் குவியலாக வேண்டும்.

முதலில் செய்துபார்த்தது யுத்தம். அமெரிக்கா அதுவரை பாவித்த அனலொக் குரல்குழப்பியை ஜேர்மனியர் உடைத்து ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்தனர். பெல் ஆய்வுகூடம் சிக்சலி என்ற ஒரு இயந்திரத்தைக் கட்டியது. 1943 ஜூலையில் வாஷிங்டனுக்கும் லண்டனுக்கும் இடையில் அது வேலைசெய்யத் தொடங்கியது. ஒரு முனையின் எடை மட்டும் 50 தொன். குரல் இலக்கங்களாக மாறியதும் அதனோடு இரகசிய இலக்கங்களைக் கூட்டி அனுப்பலாம். அந்தப் பக்கம் அதே இலக்கங்களைக் கழித்தால் குரல் திரும்ப வரும். அந்த இரகசிய இலக்கங்கள் எங்கிருந்து? வெறும் இரைச்சலைப் பதிவுசெய்த இசைத்தட்டுகளிலிருந்து. ஒரே மாதிரி இரண்டு தட்டு, இரண்டு கரையிலும் ஒரே நேரத்தில் சுழலும். ஒருதடவை பாவித்ததும் அழிக்கப்படும். அவ்வளவு காலமும் எதிரியாக இருந்த உஸ் இங்கே காவல்காரனாக நின்றது எங்களுக்குப் பிடித்த இடம்.

பிறகு நடந்தவை பலருக்கும் தெரியும். 1947 டிசம்பரில் திரான்சிற்றர். 1948இல் குளோட் ஷனன், இரைச்சலுள்ள பாதையிலும் ஒரு எல்லைக்குட்பட்ட வேகத்தில் விரும்பிய அளவு பிழையின்றி அனுப்பமுடியும் என்று கணிதத்தால் நிறுவினார். 1962இல் சிக்காகோப் பகுதியில் ரீ1 என்ற முறை சேவைக்கு வந்தது. குரலை நொடிக்கு 8,000 தடவை அளந்து, ஒவ்வொரு அளவுக்கும் 8 இலக்கம் என்ற கணக்கில், 24 பேரின் குரலை இரண்டு சோடிச் செப்புக் கம்பியில் அனுப்பினார்கள். ஒரு சுற்றுக்கு 192 இலக்கம், அடையாளத்துக்கு ஒன்று, ஆக 193. அதை 8,000ஆல் பெருக்கினால் நொடிக்கு 15,44,000. புதுப்பிக்கும் பெட்டிகளை ஏறத்தாழ 1.8 கிலோமீற்றருக்கு ஒன்றாக வைத்தார்கள். ஏன் சரியாக அந்தத் தூரம்? பழைய அனலொக் கம்பியில் குரலைத் திருத்தும் சுருள்கள் இருந்த நிலக்கீழ்க் குழிகள் அந்த இடைவெளியில் ஏற்கெனவே வெட்டப்பட்டிருந்தன. சுருளைக் கழற்றி அதே குழிக்குள் பெட்டியை வைத்துவிட்டார்கள். புரட்சி என்று நாங்கள் சொல்வது பல நேரம் பழைய குழிக்குள் புதுப் பெட்டிதான்.

இந்தக் கணக்கில் ஒரு விலையும் இருக்கிறது. ஒரு குரலுக்கு அனலொக்கில் 4,000 ஹேர்ட்ஸ் அகலம் போதும். டிஜிற்றலில் அதே குரல் நொடிக்கு 64,000 இலக்கமாகி, பல மடங்கு இடம் கேட்கிறது. இடம் தாராளமாக இருக்கும் பாதை வேண்டும். அது கண்ணாடியாக வந்தது. றீவ்ஸ் பிற்காலத்தில் வேலைசெய்த அதே இங்கிலாந்து ஆய்வுகூடத்தில் சார்ள்ஸ் காவ் 1966இல் கண்ணாடி நாரில் ஒளியை அனுப்பலாம் என்று காட்டினார். 1988இல் ரிஏரி-8, அட்லாண்டிக்கின் முதல் ஒளியிழைக் கேபிள். 36 குரலில் தொடங்கிய இடத்தில் ஏறத்தாழ 40,000.

எங்கட தீவு இந்த மாற்றத்தைக் கொஞ்ச வருடத்துக்குள் கண்டது. 1980களின் நடுவில் கொழும்பைத் தொட்ட சீ-மீ-வீ முதலாவது கேபிள் செப்பாலானது, அனலொக். 1994இல் வந்த இரண்டாவது ஒளியிழை. கைத்தொலைபேசியும் அப்படித்தான்: 1989இல் வந்த முதல் சேவை அனலொக், 1995இல் டிஜிற்றல். வடக்கில் இருந்தவர்களுக்கு இந்த வருடங்கள் எல்லாம் வேறு உலகத்துச் சங்கதி. 1990இலிருந்து யாழ்ப்பாணத்தில் மின்சாரமே இல்லை. பற்றரி தடைசெய்யப்பட்ட சாமான்களில் ஒன்று.

எங்களில் பாதிப்பேர் அப்ப பிறக்கவேயில்லை. ஆனால் எல்லா வீட்டிலும் ஒரே கதையைத்தான் கேட்டு வளர்ந்தோம்: சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவிலிருந்து றேடியோவுக்கு வயர். பிபிசி தமிழோசை, வெரித்தாஸ். சுற்றுகிற கை களைத்தால் குரல் கீழே போகும், திரும்ப ஏறும். சிற்றலை வானத்தில் பட்டுத் தெறித்து வருவதால் அலை அலையாக மங்கும், இன்னொரு மொழி இடையில் புகும், விசில் கேட்கும். சனம் காதை ஒட்டவைத்துக்கொண்டு கேட்டது. அரைவாசிச் சொல் விழுந்துபோனாலும் எந்த ஊர், எத்தனை பேர் என்பதைப் பிடித்துவிடும். தொம்சனின் இருட்டறையில் ஒளிப்பொட்டைப் பார்த்திருந்த ஆள் மாதிரி, இங்கே முழுக் குடும்பமும் அந்த வேலையைச் செய்தது.

இதே நிகழ்ச்சி டிஜிற்றலாக வந்திருந்தால்? டிஜிற்றலுக்கு ஒரு கிணற்றுக் கட்டு உண்டு. கட்டுக்கு உள்ளே தண்ணீர் தெளிவு; தாண்டினால் நேரே விழுகைதான். இரைச்சல் ஒரு அளவுக்குள் இருக்கும்வரை பிழை கிட்டத்தட்டப் பூச்சியம். அந்த அளவைத் தாண்டியதும் பிழை மளமளவென்று ஏறி, திருத்தும் குறியீட்டின் கையையும் மீறி, பெட்டி வாயை மூடிவிடும். சூம் கூட்டத்தில் உறைந்துபோகிற முகத்தை எல்லாரும் கண்டிருக்கிறோம். அரைவாசி கேட்பது என்று ஒன்று அங்கே இல்லை. தீர்மானம் எடுக்கும் வேலையை எங்கள் காதிலிருந்து பெட்டிக்கு மாற்றிவிட்டோம். பெட்டி சந்தேகத்தோடு ஊகித்துச் சொல்லாது.

அதனால் அனலொக்தான் உயர்ந்தது என்று சொல்ல வருகிறோமா? இல்லை. பழசு என்றால் மனசு உருகுகிற ஆட்களோடு எங்களுக்கு உடன்பாடு குறைவு. 1981இல் யாழ் நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் கையெழுத்துப் பிரதிகளும் போயின. வேறெங்கும் பிரதி இல்லாத ஏடுகளும் அதில் இருந்தன. மூலம், நகல் என்ற ஏற்றத்தாழ்வே இல்லாத ஒரு முறை, பத்து நாட்டில் பத்துப் பிரதி வைத்தாலும் பத்தும் மூலமே என்ற முறை, எங்களைப் போன்ற சனத்துக்கு எவ்வளவு பெரிய விசயம் என்று விளக்கத் தேவையில்லை. 2005இலிருந்து நூலகம் நிறுவனம் செய்துவருகிற வேலையை நீங்கள் பாவித்திருப்பீர்கள். இந்தக் கட்டுரை வாசிக்கிறவர்களில் கனபேரின் பாடசாலை ஒப்படையே அதில்தான் ஓடியிருக்கும்.

எங்கட முறைப்பாடு வேறு. பழைய பாதையைப் பூட்டும்போது விழுகிற இடத்தில் யார் நிற்கிறார்கள் என்று ஒருவரும் பார்ப்பதில்லை. 2017இல் நோர்வே தேசிய எஃப்எம் ஒலிபரப்புகளை நிறுத்தி டிஜிற்றலுக்கு மாறியது. உலகத்தில் முதல் நாடு. அங்கே புது றேடியோ வாங்கக் காசு இருக்கிறது. அதே 2017 ஏப்ரலில் தமிழோசையின் சிற்றலை ஒலிபரப்பும் நின்றது. இணையத்தில் இருக்கிறதுதானே என்றார்கள். இணையம் இருக்கிற நாளில் இருக்கிறதுதான். புயலில் கோபுரத்தின் மின்சாரம் போகிற நாளில், அல்லது யாரோ ஒரு உத்தரவால் நிறுத்துகிற நாளில், கவிழ்த்த சைக்கிளால் அதைச் சுற்ற முடியாது.

தம்பிக்கு இன்னொரு பதிலும் வைத்திருந்தோம். 1996இல் வந்த ரிஏரி-12/13இலிருந்து கடலடிக் கேபிள்கள் இடையிடையே துடிப்பைப் புதுப்பிப்பதை விட்டுவிட்டன. எர்பியம் கலந்த கண்ணாடி ஒளியை ஒளியாகவே பெருக்குகிறது. குற்றா கோடா என்று அது பார்ப்பதில்லை. வந்ததையெல்லாம் இரைச்சலோடு சேர்த்துப் பெருக்கி விடுகிறது. ஆகவே நீங்கள் இன்று கனடாவிலிருக்கும் அக்காவோடு வட்சப்பில் கதைக்கும்போது, கடலைக் கடக்கும் பகுதி 1915இன் வேலைதான்: வரிசையான பெருக்கிகள், கூடிக்கொண்டே போகும் உஸ். கரை சேர்ந்த பிறகுதான் ஒருவர் இருந்து ஏட்டைப் பிரதிபண்ணுகிறார். பழசு, புதுசு என்ற கோடு இந்தக் கதையில் எங்கேயும் நேராகப் போகவில்லை.

பதினொரு கசெற்றில் ஒன்பதை ஏற்றி முடித்தோம். இரண்டில் பூஞ்சணம், ஓடவிட்டால் ரேப் அறுந்துவிடும் என்று பயந்து வைத்திருக்கிறோம். ஏற்றும்போது நொடிக்கு 48,000 தடவை அளந்தோம், சுருக்காமல் வைத்தோம், மூன்று இடத்தில் பிரதி இருக்கிறது. கடைசியில் ஒரு சண்டை வந்தது. மென்பொருளில் இரைச்சல் நீக்கும் பொத்தான் ஒன்று இருக்கிறது. ரேப்பில் ஆரும் கதைக்காத ஒரு இடத்தைக் காட்டினால், அதைப்போல உள்ள எல்லாவற்றையும் மொத்தமாக வழித்தெடுத்துவிடும். அழுத்திப் பார்த்தோம். உஸ் போனது. அம்மம்மா பக்கத்தில் இருந்து கதைப்பது மாதிரி வந்தது. ஆனால் அவர் கதைக்கக் கதைக்கப் பின்னால் ஓடிக்கொண்டிருந்த 'கிர்ர்' என்ற சத்தமும் அதோடு போய்விட்டது. அது ரேப்பின் இரைச்சல் என்றுதான் நினைத்திருந்தோம்.

கசெற்றைக் கொண்டுவந்தவள் திரும்பத் திரும்ப மூலத்தைப் போட்டுக் கேட்டாள். ஆறாவது கசெற்றில், ஒரு வசனத்துக்கு நடுவில், அந்தக் 'கிர்ர்' மெல்ல மெல்லக் கீழே போகிறது, குரல் வேகமெடுத்துக் கீச்சிடுகிறது. அம்மம்மா கதையை நிறுத்திவிட்டு யாரிடமோ சொல்கிறார்: "கை நோகுதெண்டா மற்றவனிட்டக் குடு ராசா, அவன் கொஞ்சம் சுத்தட்டும்."

பொத்தானை அழுத்தாத பிரதிதான் மூன்று இடத்திலும் இருக்கிறது.